சிமிண்டுக்கு என் கையெழுத்து இல்லை

என் மகளுக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டு கிடையாது. எங்கள் வீட்டுப் புறவாசலில் துணி துவைக்கிற இடத்தைச் சுற்றிச் சிமிண்டுத் தளம் போட்ட வருடம் அவை போயின. எந்நேரமும் சேறாகக் கிடக்கிறதே என்று நானே ஆள் வைத்துப் போட்ட தளம். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. அது சொல்லிவிட்டு வராது. வாளியும் கையுமாக நின்றவள் அப்படியே முகம் குப்புற விழுந்தாள். அதற்கு முன்னால் அதே இடத்தில் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறாள். முகத்தில் சேறு அப்பியிருக்கும், கழுவிவிடுவேன். சிமிண்டில் ஒரே ஒரு தடவைதான் விழுந்தாள்.

இதை முதலில் சொல்லிவிட்டால் மிச்சத்தைச் சொல்வது எனக்குச் சுலபம். நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கிறவள் இல்லை. யாராவது அதட்டினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான் என்றாலும் எழுதுவது எனக்குப் பேசுவதை விடத் தேவலை. எதிரே ஒருவர் நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

மகளுக்கு இப்போது முப்பத்தாறு வயது. புத்தி ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு உள்ளதுதான் என்று டாக்டர் சொன்னார். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இத்தனை பிடிவாதம் இருக்காது என்பது என் எண்ணம். அவளைப் போன்றவர்களுக்காக எங்கள் ஊரில் பகல் நேர மையம் ஒன்று இருக்கிறது. வெம்பக்கோட்டைக்குப் போகிற ரோட்டில் பேரூராட்சிப் பூங்கா, அதற்கு அடுத்த கட்டடம். அங்கே இருக்கிற டீச்சர் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வரும்போது ஒரு பெட்டி நிறையப் பந்து கொண்டு வந்தார். சிவப்பில் நாலு, பச்சையில் நாலு, ஒவ்வொன்றும் தேங்காய் கனம். எலுமிச்சம்பழ அளவில் வெள்ளையாக ஒரு குட்டிப் பந்து. அந்த ஆட்டத்துக்குப் போச்சே என்று வெளிநாட்டுப் பெயர். அதைச் சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள் என்று நாங்கள் உருட்டுப்பந்து என்றே சொல்வோம்.

முதலில் குட்டிப் பந்தை உருட்டிவிட வேண்டும். பிறகு இரண்டு கட்சியும் மாறி மாறிப் பெரிய பந்தை உருட்ட வேண்டும். எவருடைய பந்து குட்டிக்குக் கிட்டே போய் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம். என் மகள் பந்தை எடுப்பதற்கு முன்னால் குத்தவைத்து, அரிசியில் கல் பார்க்கிற மாதிரி தரையைப் பார்ப்பாள். பிறகு எழுந்து உருட்டுவாள். வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கச் சொன்னால் உடைக்கிறவள், இதில் ஒரு விரற்கடை தப்ப மாட்டாள். "குட்டி எனக்கு" என்று சொல்லி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். அவள் அப்படி நின்று நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஆரம்பத்தில் பூங்காவின் வெறும் தரையில்தான் கோடு போட்டு விளையாடினார்கள். அது கரிசல். வெயில் ஏறினால் பாளம் பாளமாக வெடிக்கும். ஒரு தடவை குட்டிப் பந்து வெடிப்புக்குள் விழுந்து கையெட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது. டீச்சர் பேரூராட்சிக்கு நடையாய் நடந்தார். கடைசியில் ஓவர்சியர் வந்தார். சின்ன வயது, முகத்தில் எப்போதும் ஒரு அவசரம், ஆனால் சொன்னதைச் செய்கிற மனிதர். அறுபதடி நீளம் பன்னிரண்டடி அகலத்தில் தோண்டி, சுற்றிலும் மரச்சட்டம் அடித்து, சிவப்புச் செவல் மண் கொட்டி மட்டம் பார்த்துக் கொடுத்தார். பொது இடம், யார் வேண்டுமானாலும் ஆடலாம். சாயந்திரம் பக்கத்து அச்சாபீஸ் ஆட்கள்கூட வந்து உருட்டிப் பார்ப்பார்கள். அதைத் தினம் பராமரிக்க யார் என்ற கேள்வி வந்தபோது, மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிற என்னையும், மகனைக் கொண்டுவந்து விடுகிற இன்னொருத்தியையும் டீச்சர் பார்த்தார். அவளை நான் மதினி என்பேன், அவளும் என்னை மதினி என்பாள். உறவு ஒன்றும் இல்லை, பட்டாசுக் கம்பெனியில் ஒரே ஷெட்டில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்திருந்த உறவுதான்.

தப்பு அங்கேதான் நடந்தது. செய்தது நாங்கள் இரண்டு பேரும்.

கம்பெனியில் எங்களுக்கு வெடிமருந்து காய வைக்கிற வேலை. அங்கே தரையில் தூசி என்றால் பயம். காய்ந்த தரை என்றால் அதைவிடப் பயம். சித்திரை வைகாசியில் மணிக்கொரு தரம் ஷெட்டைச் சுற்றித் தண்ணீர் விடுவோம். உரசினால் பொறி பறக்கும் என்று எதையும் தரையில் இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். இதெல்லாம் புத்தியில் இருக்கிற சமாச்சாரம் இல்லை, கையில் இருப்பது. வேலையை விட்டு எட்டு வருடமாகியும் பந்தும் பந்தும் மோதி டக்கென்று சத்தம் கேட்டால் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்போம். அப்படிப்பட்டவர்கள் கையில் ஒரு மண் தரையைக் கொடுத்தால் என்ன செய்வோம்? மேலே லேசாகத் தூசி பறப்பதைப் பார்த்தோம், தண்ணீர் ஊற்றினோம். குடம் குடமாக ஊற்றினோம். காலையில் ஒரு தடவை, பிள்ளைகள் வருவதற்கு முன்னால் ஒரு தடவை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை. தரை கருஞ்சிவப்பாக மினுங்கும். பார்க்க எங்களுக்கே பெருமையாக இருக்கும்.

இரண்டே வாரத்தில் பந்து பாதியில் நிற்க ஆரம்பித்தது. மகள் உருட்டுவாள், அது சோற்றுக்குள் போட்ட ஊறுகாய் மாதிரி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். மேலே காய்ந்து அப்பளமாகச் சுருண்டது, கீழே களி. கால் வைத்த இடமெல்லாம் குழி. டீச்சருக்கு எங்களைச் சொல்ல மனமில்லை. ஓவர்சியர் வந்து குதிகாலால் ஓர் அழுத்து அழுத்தினார். பள்ளத்தில் தண்ணீர் ஊறி நின்றது.

"யாரும்மா இம்புட்டுத் தண்ணி விட்டது?"

நான் பக்கத்து வேப்பமரத்தைப் பார்த்தேன். மதினிதான் பேசினாள். "மழைல சார்."

"வைகாசியிலயா?"

"ஒரு மழை பெஞ்சுச்சு சார். நீங்க ஊர்ல இல்ல போல."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் போகும்போது முடிவோடுதான் போனார். நாலு நாள் கழித்து ஒரு தாளோடு வந்தார். மண் தரை சரிப்பட்டு வரவில்லை, முழுக்கச் சிமிண்டுத் தளம் போட்டு அதன் மேல் பச்சைக் கம்பளம் ஒட்டிவிடலாம், பெருக்கினால் போதும், யாரும் மெனக்கெட வேண்டாம். அந்தக் கம்பளத்தில் கையகலத் துண்டு ஒன்றும் கொண்டு வந்திருந்தார். புல் மாதிரியே இருந்தது. பெற்றவர்களெல்லாம் கேட்டுக்கொண்டதாகத் தாளில் எழுதியிருந்தது. மரத்தடியில் வரிசையாக எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். மதினியும் போட்டாள். பேனா என்னிடம் வந்தது.

நான் வாங்கவில்லை.

"கைநாட்டுன்னா மை இருக்கும்மா, எடுத்துத் தாரேன்" என்றார் ஓவர்சியர். கேலியாகச் சொல்லவில்லை, உதவியாகத்தான் சொன்னார்.

"கையெழுத்துப் போடத் தெரியும். போட மாட்டேன்" என்றேன்.

அதோடு என் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஏன் என்று அவர் கேட்டார், டீச்சர் கேட்டார், எல்லாரும் கேட்டார்கள். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டினேன். அவள் வழி நெடுக "பந்து, பந்து" என்று என் முந்தானையை இழுத்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் மதினி எங்கள் வீட்டுக்கே சண்டைக்கு வந்தாள். புறவாசலில் நின்றுதான் சத்தம் போட்டாள்.

"நம்ம பண்ணுன கூத்துதான் மதினி அது. அவுக சிமிண்டு போட்டுத் தாறேங்காக. நீ என்னமோ மகாராணி கணக்கா வேண்டாங்க."

"நீ ஏன் மழைன்னு சொன்ன?"

"பின்ன, நாங்கதான் ஊத்துனோம்னு சொல்லச் சொல்றியா?"

"ஆமா."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இருபத்தெட்டு வருசத்துல மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை எதுத்துப் பேசுனதில்ல. இப்பப் பேசப் போறாளாம்."

நான் அவளுக்குத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மகள் விழுந்த இடத்தைக் காட்டினேன். மதினிக்குத் தெரியாத விஷயம் இல்லை. அன்றைக்குப் பல்லைப் பொறுக்கி எடுத்தவளே அவள்தான். ஆனால் அவள் மகனுக்கு வலிப்பு இல்லை. கையெழுத்துப் போடும்போது அவளுக்கு அது ஞாபகம் வரவில்லை. "கம்பளம் போடுவாகளே" என்றாள், குரல் இறங்கி.

"சேலைத் தடிமன்கூட இல்ல அது."

"சரி, சிமிண்டு வேண்டாம், மண்ணும் ஆகல. வேற என்னத்தை வச்சுப் பந்து உருட்ட?"

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். கம்பெனியில் ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் இருக்கிற நடைபாதை ஞாபகத்துக்கு வந்தது. எவ்வளவு மழை பெய்தாலும் அதில் சேறு கிடையாது. எவ்வளவு வெயிலிலும் வெடிக்காது. கீழே ஜல்லி, மேலே கல் உடைக்கிற இடத்திலிருந்து வருகிற கிரஷர் தூசி. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்த பாதை என்பதால் என் பாதத்துக்கு அது நன்றாகத் தெரியும். கெட்டியாக இருக்கும், ஆனால் கல்லாக இருக்காது.

தாயில்பட்டிப் பக்கம் போகிற ரோட்டில் யாரோ வீட்டு வேலைக்குக் கொட்டியிருந்த தூசியில், கேட்டு, ஒரு மூட்டை வாங்கி வந்தோம். புறவாசலில் பாய் அளவுக்கு ஒரு குழி தோண்டி, அடியில் உடைகல், அதற்கு மேல் பொடிக்கல், எல்லாவற்றுக்கும் மேல் நாலு விரற்கடைக்குத் தூசி. மதினி குடத்தைத் தூக்கினாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தி ஒரு செம்பை நீட்டினேன். செம்புத் தண்ணீரைத் தெளித்து, மரக்கட்டையால் தட்டி, ஒரு ராத்திரி விட்டோம். காலையில் டீச்சரிடம் கேட்டுப் பந்து ஒன்று எடுத்து வந்து மகளிடம் கொடுத்தேன். குத்தவைத்துத் தரையைப் பார்த்தாள். உருட்டினாள். பந்து ஒரு சீராகப் போய், மெதுவாகி, நின்றது. பிறகு பக்கத்திலிருந்த சிமிண்டுத் தளத்தில் உருட்டச் சொன்னேன். அது நிற்காமல் ஓடி வேலியில் முட்டித் திரும்பி வந்தது. மகளுக்குக் கோபம். "அது வேண்டாம்" என்று சிமிண்டைக் காலால் உதைத்தாள்.

சிமிண்டு மூட்டை இறங்குகிற அன்று மகளோடு பூங்காவுக்குப் போனேன். மதினி கூட வந்தாள். உச்சி நேரம். ஓவர்சியர் ஆட்களுக்கு அளவு காட்டிக்கொண்டிருந்தார். நான் போய் எதிரே நின்றேன்.

"சார், மழை பெய்யல. நாங்கதான் தண்ணி ஊத்துனோம். மண்ணு மேல தப்பு இல்ல."

"தெரியும்மா" என்றார். "அதுக்குத்தான் தண்ணியே வேண்டாத தரையாப் போடுறோம்."

"அந்தக் கம்பளத் துண்டைக் கீழ வைங்க."

தண்ணீர்த் தொட்டியின் சிமிண்டு மேடையில் வைத்தார். கொஞ்ச நேரம் வெயிலில் விட்டேன். "செருப்பைக் கழத்திட்டு அதுல நில்லுங்க" என்றேன். ஆட்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவருக்கும் விட்டுக்கொடுக்க மனமில்லை, ஏறி நின்றார். ஒன்று, இரண்டு என்று மதினி எண்ண ஆரம்பித்தாள். ஐந்துக்குள் சூடு தாங்காமல் இறங்கிவிட்டார்.

"பரதநாட்டியம் நல்லா வருது சாருக்கு" என்றாள் மதினி. ஆட்கள் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள்.

ஓவர்சியர் முகம் சிவந்துவிட்டது. "ஷூ மாட்டி விடுங்க. இதுக்குப் போய் வேலையை நிப்பாட்ட முடியுமா? எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. ஒரு ஆளுக்காக மாத்த முடியாதும்மா."

அந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டை திறந்தது. ஒரு ஆள் என்று சொன்னாரே, அந்த ஆளை அவர் முன்னால் கொண்டு வந்து நிறுத்தினேன்.

"வாயைத் தொற கண்ணு."

அவள் நன்றாகத் திறந்து காட்டினாள். டாக்டரிடம் காட்டிப் பழக்கம்.

"எங்க வீட்டுச் சிமிண்டு இது. ஒரே ஒரு தடவை விழுந்தா. இன்னும் விழுவா சார், அது அவ கையில இல்ல, என் கையிலயும் இல்ல. எதுல விழணுங்கிறது மட்டுந்தான் நம்ம கையில இருக்கு. நீங்க சிமிண்டு போட்டா இவளை வீட்டுல வச்சுப் பூட்டுறதைத் தவிர எனக்கு வழி இல்ல. எங்க பிள்ளைகளுக்குன்னு சொல்லித்தான தோண்டுனீக? இதுல ஒரு பிள்ளை கால் வைக்க முடியாதுன்னா அது யாருக்குத் தரை?"

இவ்வளவையும் நான்தான் பேசினேனா என்று இன்றைக்கும் மதினியிடம் கேட்பேன். மதினியும் சும்மா இருக்கவில்லை. "என் பேரை அந்தத் தாள்லருந்து அடிச்சிருங்க சார்" என்றாள். டீச்சர் மையத்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் வந்து எங்கள் பக்கத்தில் நின்றார்.

ஓவர்சியர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார், கிழிக்கவில்லை. "சொல்லுங்க, என்ன போடணும்?" என்றார். சொன்னேன். ரோட்டு வேலையில் மிஞ்சிய ஜல்லியும் தூசியும் ஒரு லோடு இருக்கிறது என்றார். "ஒரு வருசம் பாப்பேன். திரும்பக் கெட்டுச்சுன்னா சிமிண்டுதான். அப்ப என்னை யாரும் டான்ஸ் ஆட விடக் கூடாது."

செவல் மண்ணை வழித்தெடுத்துவிட்டு அடுக்கடுக்காகப் போட்டோம். தண்ணீர் வடிய ஒரு ஓரமாக லேசான வாட்டம். சிமிண்டுக் குழாய்க்குள் கலவை நிரப்பி ஓவர்சியர் ஒரு உருளை செய்து கொடுத்தார். கடைசியில் ஒரு வேலை பாக்கி. பலகையில் ஈரச் சாக்கைச் சுற்றி, கயிறு கட்டி, அறுபதடியும் இழுத்துக்கொண்டு போனால்தான் மேல்தூசி மட்டமாகும் என்றார் டீச்சர். நாங்கள் பலகையைத் தூக்கித் தூக்கி வைத்தோம். வைத்த இடமெல்லாம் வரம்பு விழுந்தது.

"இழுங்க பெரியம்மா. சும்மா இழுங்க" என்றார்.

கயிற்றைப் பிடித்தபடி நானும் மதினியும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். இருபத்தெட்டு வருடம் எதையும் தரையில் இழுத்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். சர்ரென்று சத்தம். ஒன்றும் ஆகவில்லை. திரும்பிப் பார்த்தால் பின்னால் வாழை இலை விரித்த மாதிரி மட்டமாகக் கிடந்தது தரை.

இப்போது தினமும் இழுக்கிறேன். காலையில் சருகு பொறுக்குவேன், சட்டத்தோரம் முளைக்கிற அருகம்புல்லை வேரோடு எடுப்பேன், ஒரு வாளித் தண்ணீரை அறுபதடிக்கும் தெளிப்பேன், ஒரு வாளிக்கு மேல் கிடையாது. சட்டத்தோரம் ஒதுங்குகிற தூசியை நடுவுக்குத் தள்ளுவேன். வாரம் ஒரு நாள் உருளை. மழை பெய்தால் தரை நன்றாக வடிகிற வரைக்கும் யாரையும் இறங்க விடமாட்டேன். அச்சாபீஸ் ஆட்கள் செருப்போடு இறங்கினால் அவர்களுக்குப் பேச்சுக் கிடைக்கும். என்னிடமிருந்துதான்.

ஒரு வருடம் என்று சொன்ன ஓவர்சியர் இப்போது வருடத்துக்கொரு தடவை வந்து பார்க்கிறார். அந்தத் தாள் இன்னும் பையில்தான் இருக்கிறது. மட்டப்பலகை வைத்துப் பார்ப்பார், குற்றம் கிடைக்காது. "இப்பவாச்சும் போடுறீகளா, பெரியம்மா?" என்று பேனாவை நீட்டுவார். பாதி விளையாட்டு, பாதி நிஜம். நான் வாங்குவதில்லை.

இந்த வருடம் அவர் வருவதற்கு முந்தின நாள் மகள் ஆட்டத்தின் நடுவில் விழுந்தாள். மூன்றாவது பந்தை உருட்டப் போனவள் பக்கவாட்டில் சாய்ந்தாள். யாரோ சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். டீச்சர் அதை விலக்கிவிட்டு அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். குதிகால் இரண்டும் தரையை உதைத்துக்கொண்டே இருந்தன. அடங்கியதும் எழுந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் சிராய்ப்பு, வாய் நிறையத் தூசி. துப்பினாள். நான் விரலைவிட்டுப் பல்லை எல்லாம் தடவிப் பார்த்தேன். இருந்தவை அத்தனையும் இருந்தன. அவள் என் விரலைக் கடித்துவிட்டு, "என் பந்து எங்க?" என்றாள்.

குதிகால் உதைத்த இடத்தில் இரண்டு பள்ளம் விழுந்திருந்தது. தோள் விழுந்த இடத்தில் ஒன்று. அப்படி ஒரு பள்ளம் கண்ணில் பட்டால் அதை மூடாமல் எனக்குச் சோறு இறங்காது. அன்றைக்கு மூடவில்லை. சுற்றிலும் நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டினேன். மறுநாள் காலையில் பலகையும் இழுக்கவில்லை.

ஓவர்சியர் வந்தார். பள்ளத்தைப் பார்த்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம். "மாட்டிக்கிட்டீகளா? என்ன இது, நாய் பறிச்சுச்சா? சிமிண்டா இருந்தா இந்தக் குழி விழுந்திருக்குமா?"

"விழுந்திருக்காது சார்" என்றேன். "இவ மண்டையில விழுந்திருக்கும்."

அவர் மகளைப் பார்த்தார். அவள் கன்னத்துச் சிராய்ப்போடு குத்தவைத்து, கயிற்றுக்கு அந்தப் பக்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேனாவை எடுக்கவில்லை. மட்டப்பலகையை எடுத்துக்கொண்டு போனார். தாளைக் கிழித்தாரா, வைத்திருக்கிறாரா, எனக்குத் தெரியாது. கொண்டு வந்தால் வரட்டும்.

நான் குச்சிகளைப் பிடுங்கினேன். ஒரு கூடைத் தூசி கொட்டி, கையளவு தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் தட்டி மூன்று பள்ளத்தையும் மூடினேன். பிறகு கயிற்றைத் தோளில் போட்டுப் பலகையை இழுத்துக்கொண்டு நடந்தேன். பின்னால் மகள் பந்தோடு வந்தாள், நான் முழுசாக முடிக்கும் வரைக்கும் அவளுக்குப் பொறுக்காது.